ஓக்சிமுக்கு எடுத்துவைத்த சோறு

அந்த ஓட்டு வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மத்தியானம்தான். ஆனாலும் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. வாசலில் ஒரு பக்கக் கதவுதான் இருந்தது. மறுபக்கக் கதவை யாரோ பிடுங்கி எரித்துக் குளிர்காய்ந்திருக்க வேண்டும். முற்றத்தில் சோயா விழுது ஜாடிகள் உடைந்து, உள்ளிருந்தது கறுப்பாக உறைந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் எலிப்புழுக்கை வாடையும் பழைய புகை வாடையும்.

"வீட்ல யாரு?" என்று மால்சுன் குரல் கொடுத்தாள்.

பதில் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் எந்த வீட்டில்தான் பதில் வந்தது? சியோலை இரண்டாவது தடவையாகக் காலி செய்துவிட்டு ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கே ஓடிய வருஷம் அது. போலீஸ் கிடையாது, சந்தை கிடையாது, கேட்க நாதி கிடையாது. இந்த வாரம் ஒரு பட்டாளம் வரும், அடுத்த வாரம் அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு பட்டாளம் வரும். இரண்டும் கோழியைத்தான் முதலில் பிடிக்கும். வழியெல்லாம் பிள்ளைகள் அனாதையாக உட்கார்ந்திருந்தன. பார்த்துவிட்டு நடந்தவர்கள்தான் அதிகம். குறை சொல்ல முடியாது, அவரவர் வயிறு அவரவருக்கு.

மால்சுனால் அப்படிப் பார்த்துவிட்டு நடக்க முடியவில்லை. அவள் பின்னால் மூன்று பிள்ளைகள் நின்றன. பெரியவள் கும்னே, பன்னிரண்டு வயசு, நாக்கு மட்டும் நாற்பது வயசு. தாய் தகப்பன் செத்துக் கிடந்த வண்டியடியில் உட்கார்ந்திருந்தவளை மால்சுன் எழுப்பிக் கூட்டி வந்தாள். நடுவில் சாங்பே. வைக்கோல் போருக்குள்ளிருந்து தானாக வெளியே வந்து, "திங்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டபடியே கூட வந்துவிட்ட பயல். கடைசியாகச் சோங்கி. ஆறு வயசு இருக்கலாம். வாய் திறந்து பேசியதில்லை, பேரும் சொன்னதில்லை. கும்னே அவளை முதலில் பார்த்த அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது, அதனால் பனித்துகள் என்று பொருள்பட அவளே வைத்த பேர் அது. தின்னும்போது மட்டும் வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ஏதோ ஒரு தாலாட்டை முனகுவாள். பெற்றவள் பாடியதாக இருக்கும்.

சோங்கி வந்த கதையை மால்சுன் யாரிடமும் சொல்லவில்லை.

உறைந்த ஆற்றின் மேல் ஆயிரக்கணக்கில் ஜனம் நடந்துகொண்டிருந்தபோது விமானங்கள் வந்தன. பனிக்கட்டி பிளந்தது, புகை மண்டியது. பக்கத்தில் நடந்த மகள் ஓக்சிமின் கை நழுவிவிட்டது. மால்சுன் புகைக்குள் துழாவினாள். கையில் அகப்பட்ட சின்னக் கையை இறுகப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். கரையேறி, மூச்சு வாங்கி, குனிந்து பார்த்தாள்.

யாரோ பெற்ற பிள்ளை.

திரும்பி ஓடப் பார்த்தாள். சிப்பாய்கள் விடவில்லை. ஆற்றின் நடுவே கறுப்பாகத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து அவளை உயிரோடு நடக்க வைத்தது ஒரே ஒரு நினைப்பு. நான் ஒருத்தியின் பிள்ளையைத் தூக்கி வரவில்லையா? அதுபோல எவளாவது என் பிள்ளையைத் தூக்கிப் போயிருக்க மாட்டாளா?

ஆகவே அந்த வீட்டில் அடுப்பு மூட்டிய முதல் சாயங்காலமே அவள் ஒரு காரியம் செய்தாள். அந்த நாட்டு வீடுகளில் அடுப்புச் சூடு தரைக்கு அடியில் ஓடும், அடுப்பை ஒட்டிய மூலைதான் அதிகம் சூடு. பானையிலிருந்து முதல் அகப்பைப் பார்லிச் சோற்றை, மூட்டையில் சுமந்து வந்த ஓக்சிமின் பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, மூடி, மெத்தைப் போர்வைக்குள் சுருட்டி அந்த மூலையில் வைத்தாள். வெளியே போன ஆள் திரும்பும்வரை அவர் பங்குச் சோறு வீட்டில் சூடாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் போன இடத்தில் அவர் பட்டினி கிடக்க மாட்டார் என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்.

"வராதவங்களுக்குச் சோறு, வந்தவனுக்குத் தண்ணி," என்றான் சாங்பே, தன் கிண்ணத்தைப் பார்த்து.

"வாயை மூடுடா தீனிப்பண்டாரம்," என்று கும்னே அவன் தொடையில் கிள்ளினாள். "சித்தியோட பொண்ணுக்குடா அது."

காலையில் அந்தச் சோற்றை வீணாக்க முடியுமா? இருப்பதில் சின்னவள் என்று சோங்கிக்குக் கொடுத்தாள். அதற்கு மால்சுன் மனசுக்குள் வேறொரு காரணமும் இருந்தது. சோங்கியின் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடிவதில்லை. பார்த்தால், 'நீ ஏன்? அவள் ஏன் இல்லை?' என்று ஒரு கேள்வி வரும். அப்படி நினைத்த பாவத்துக்கு அபராதம் கட்டுவதுபோலத்தான் அந்தச் சோற்றை நீட்டினாள்.

நாட்கள் எப்படியோ ஓடின. பட்டாள முகாமுக்குப் பின்னால் நின்றால் சிப்பாய்கள் தின்று மிச்சம் வைத்ததை வாளியில் கொட்டுவார்கள். அதை வாங்கி வந்து கொதிக்க வைத்தால் அதற்குப் பேர் பன்றிக் கஞ்சி. இறைச்சித் துண்டும் கிடைக்கும், சிகரெட் துண்டும் கிடைக்கும். சாங்பே ஒருநாள் பல் குத்தும் குச்சியைக் கண்டெடுத்து, "எலும்பு! எலும்பு!" என்று குதித்தான். கும்னே சிரித்தாள். பிள்ளைகள் சிரித்த சத்தத்தில் அந்தப் பாழ்வீடு வீடு மாதிரி ஆனது. மால்சுனுக்கே ஆச்சரியம், அவள் வாயும் லேசாகக் கோணியது.

மூடி திறக்க வராமல் போனது அதற்கு அப்புறம்தான்.

ஒருநாள் காலை போர்வையைப் பிரித்துக் கிண்ணத்தை எடுத்தாள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. பலங்கொண்ட மட்டும் திருகித் திறந்தாள். மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

தரையோ கை வைக்க முடியாத சூடு.

சோறு போட்டது போட்டபடி இருந்தது. ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. ஆனால் மணமே இல்லை, சாம்பலைப்போலக் கிடந்தது. குளிர் எங்கேயோ புகுந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு அதைச் சோங்கிக்குக் கொடுத்தாள். சோங்கி தின்றாள். அன்று அவள் முனகவில்லை.

அப்புறம் வாடை வந்தது. நனைந்த பஞ்சுச் சட்டையும் ஆற்றுச் சேறும் கலந்த பச்சை வாடை. பொழுது சாய்ந்தால் சூடான மூலையிலிருந்து கிளம்பும். தரைக்கு அடியில் புகை ஓடும் வழியில் எதுவோ ஊர்வது கேட்கும், ஈரத்துணியை யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல. விடிந்து பார்த்தால், எண்ணெய்த் தாள் ஒட்டிய தரையில் ஒரு சின்ன ஆள் சுருண்டு படுத்த அளவுக்கு ஈரம்.

"சித்தி, நான் சோங்கி பக்கத்துல படுக்க மாட்டேன்," என்றான் சாங்பே. "ஐஸ்கட்டிய கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்த்தாள். அவன் சொன்னது நிஜம். பிள்ளையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மால்சுன் சுள்ளி முறித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, அடிப்பிடிச்ச சோழு இருக்கா?"

அந்த மழலை. 'சோறு' என்பதைச் 'சோழு' என்று இழுக்கும் அந்த நாக்கு. பானையடியில் தீய்ந்த சோற்றைச் சுரண்டித் தரச்சொல்லி மடியைப் பிடித்து இழுப்பவள் உலகத்தில் ஒருத்திதான்.

திரும்பினாள். வாசலில் சோங்கி நின்றாள். முகம் சோங்கியின் முகம். தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்ற விதம் ஓக்சிமுடையது.

வேறு யாராக இருந்தாலும் அலறி ஓடியிருப்பார்கள். மால்சுன் ஓடவில்லை. சுள்ளியைப் போட்டுவிட்டு மண்டியிட்டு அந்தக் குளிர்ந்த உடம்பை வாரி அணைத்துக்கொண்டாள். ஐயோ, பெற்ற வயிறு! அவளுக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதைத்தான் சொல்ல வாய் கூசுகிறது.

அப்புறம் காலைக்கும் மாலைக்கும் கிண்ணம் வைத்தாள். தன் பங்கையும் அதிலேயே போட்டாள். எல்லாவற்றையும் சோங்கிக்கே ஊட்டினாள். ஊட்ட ஊட்டக் குரல் தெளிந்தது. அது பழைய வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிப் பேசியது, மால்சுன் காதைத் தடவிக்கொண்டே தூங்கியது. உடம்போ நாளுக்கு நாள் சில்லிட்டு வந்தது. மால்சுன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

கும்னே பார்த்தாள்.

"சித்தி, இவ சோங்கி இல்ல."

"வேற யாராம்?"

"என் பாவாடைய புடிச்சுக்கிட்டேதான் எங்கயும் வருவா. இப்ப என்னை யாருன்னே தெரியல. ராத்திரிக்கு மூச்சு விடுறாளான்னு மூக்குல விரல் வச்சுப் பாக்குறேன் சித்தி. பயமா இருக்கு."

"போய் விறகு பொறுக்கு போ," என்றாள் மால்சுன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பக்கத்து இடிந்த வீட்டில் குடியிருந்த கேசோங்காரி மறுநாள் மத்தியானம் வந்தாள். கேசோங் ஊரிலிருந்து ஓடிவந்தவள், மால்சுன் வயசுதான். எங்கிருந்தோ சோயா அரைத்த சக்கை கிடைத்தால் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொட்டுவாள், கூடவே பத்து வசவும் கொட்டுவாள்.

"ஏ ஓக்சிம் அம்மா, உன் வீட்டுக்குள்ள என்ன வெளியைவிடக் குளிரு? அடுப்பெரிக்கிறியா, இல்ல அடுப்புக்குக் கதை சொல்றியா?" என்றவள் பார்வை போர்வைச் சுருளில் விழுந்தது. கிண்ணத்தை எடுத்து மூடியைத் திருப்பினாள். பனி.

அவள் வாய் அடைத்துப்போய் நின்றதை மால்சுன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நானும்தான் எம்புருஷனுக்கு எடுத்து வைக்கிறேன்," என்று மெல்லச் சொன்னாள் கேசோங்காரி. "காலைல தொட்டா வெதுவெதுன்னு இருக்கும். அத வச்சுதான் அந்த ஆளு எங்கயோ இருக்காருன்னு மூச்சு விட்டுக்கிட்டு கெடக்கேன். இது... இது உசிரோட இருக்கிறவங்க சோறு இல்லடி."

"வாயக் கழுவு."

"இருக்கிறவங்களுக்கு வைக்கிற மாதிரி போனவளுக்கு வச்சா, தான் போனதே அதுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குத்தான் வரும். ஆமா, காலைல இந்தச் சோத்த யாரு திங்குறா?"

கேசோங்காரி மூலையில் சுருண்டு கிடந்த பிள்ளையின் நீல உதட்டைப் பார்த்தாள்.

"அடிப்பாவி."

"வெளிய போ!" என்று கத்தினாள் மால்சுன். "உன் புருஷன் செத்தான்னு நான் சொன்னேனா? எழுந்து போடி!"

கேசோங்காரி போனாள். போகும்போது சக்கையை வைத்துவிட்டுத்தான் போனாள்.

பொழுது சாய்ந்தது. கும்னேயும் சாங்பேயும் விறகுக்குப் போயிருந்தார்கள். மால்சுன் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டாள். இத்தனை நாள் தொண்டையில் சிக்கிக் கிடந்ததைக் கேட்டே விட்டாள்.

"அம்மா கைய விட்டுட்டேன்னு கோவமா கண்ணு?"

"இல்லம்மா." மடியில் கிடந்தது தன் விரல்களை நீட்டி, மடக்கிப் பார்த்தது. "இந்தக் கைதான் எனக்கு இறுக்கமா இருக்கு. இன்னும் கொஞ்சம் சோழு தின்னா சரியாயிரும்."

மால்சுனின் கை அந்தத் தலையைக் கோதுவதை நிறுத்தியது.

"அப்ப... சோங்கி எங்க?"

"கீழ."

"எங்க கீழ?"

"ஐஸுக்குக் கீழம்மா. நான் இருந்த எடத்துல. ரொம்ப அழறா."

அது சிரித்தது.

அப்போதுதான் மால்சுனுக்குக் கேட்டது. தரைக்கு அடியிலிருந்து, வெகு ஆழத்திலிருந்து, தண்ணீருக்குள் அமுங்கிய குரலில்.

ம்ம்ம். ம்ம்ம்.

அந்தத் தாலாட்டு.

யாரோ ஒருத்தி அந்த ஆற்றங்கரையில் இதே மாதிரி நின்று கதறியிருப்பாள். யாராவது என் பிள்ளையைத் தூக்கிப் போயிருக்க மாட்டார்களா என்று அவளும் எங்கோ ஒரு மூலையில் கிண்ணம் வைத்திருப்பாள். தூக்கி வந்தவள் என்ன செய்தாள்? மறுபடியும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே அழுத்திவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, சோறு ஊட்டி.

மால்சுன் எழுந்தாள். புத்தாண்டுக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி வெள்ளை அரிசியை எடுத்து உலையில் போட்டாள். கண்ணீர் அடுப்புச் சாம்பலில் சொட்டியது, துடைக்கவில்லை. சோறு வெந்ததும் கிண்ணத்தில் குவித்தாள். இந்தத் தடவை அதைப் போர்வையில் சுருட்டவில்லை. ஒற்றைக் கதவு வாசலில், வடக்கே ஆறு இருக்கும் திசையைப் பார்த்து, குட்டை மேஜையில் வைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள்.

விறகோடு உள்ளே வந்த சாங்பே அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். சோற்றில் கரண்டியை நட்டுக்குத்தாக நிறுத்துவது யாருக்கு என்று அந்த நாட்டுக் குழந்தைக்கும் தெரியும். செத்தவர்களுக்கு மட்டும்தான்.

"அம்மா, குத்தாத!"

பின்னாலிருந்து வந்த அலறலில் ஓடுகள் அதிர்ந்தன. சோங்கியின் உடம்பு சுவரோடு சுவராக நின்றது. தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. தரையெல்லாம் சேற்று வாடை.

"குத்தாதம்மா! நான் இங்கதான இருக்கேன்! கரண்டிய குத்தாத!"

"ஓக்சிம்..." என்றாள் மால்சுன். "நீ செத்துட்டடா கண்ணு."

"இல்ல! நான் வந்துட்டேன்!"

"ஆத்துலயே செத்துட்ட. நான்தான் ஒனக்குச் சொல்லல. சொல்ல மனசு வரல."

"அப்ப ஏன் அவ கையப் புடிச்ச? ஏன் என் கையப் புடிக்கல?"



"தப்பாத்தான் புடிச்சேன்," என்றாள் மால்சுன். "ஆனா புடிச்சிட்டேன். இனி விட முடியாதும்மா. நீ பெரிய பொண்ணு இல்ல? சாப்பிட்டுட்டுப் போ. வெள்ளைச் சோறு. ஒனக்குப் பிடிக்கும்."

கரண்டியைச் சோற்றில் குத்தி நிறுத்தினாள்.

காற்று நின்றது.

அந்த முகம் அவளையே பார்த்தது. கோபம் போய், தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை முழிப்பதுபோல முழித்தது. "குளிருதும்மா," என்றது ஒரே ஒரு தடவை. பிறகு கால் மடங்கிச் சரிந்தது.

கும்னே ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பிள்ளையின் வாயிலிருந்து ஆற்றுத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது, கூடவே பனிக்கட்டிச் சில்லும். கும்னே முதுகில் அறைந்தாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், தன் மேல்சட்டையைக் கழற்றிப் போர்த்தி நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீல உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஏறியது. பிறகு, ஈனமாக, அந்த முனகல் வந்தது. இப்போது தரைக்கு அடியிலிருந்து இல்லை.

மால்சுன் வாசலில் விழுந்து, பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஆறு வருஷத்துப் பேர். கேசோங்காரி கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வசந்தம் வந்தபோது வீட்டில் பிள்ளைகள் கூடியிருந்தன. ரயிலடியில் கிடந்த இரட்டையர், பேச்சே நிற்காத ஒரு நொண்டிச் சிறுமி. மலையில் கீரை பறித்தார்கள். கேசோங்காரி நிரந்தரமாகவே குடிவந்துவிட்டாள். "ஏ சோங்கி அம்மா, இதுக எல்லாத்துக்கும் வயிறா, கிணறா?" என்று அவள் கத்துவாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது மால்சுன் ஒரு கணம் நின்றாள். பிறகு, "கிணறுதான்" என்றாள். மனசில் ஒரு பக்கம் செத்தது செத்ததுதான். இன்னொரு பக்கம் காலையில் எழுந்து உலை வைக்கச் சொன்னது, அவளும் வைத்தாள். சோங்கி அவள் மடியில் தூங்கினாள். அந்த முகத்தை இப்போது அவளால் நேராகப் பார்க்க முடிந்தது.

அந்த நாட்களில்தான் சோங்கியின் முன்பல் ஆடத் தொடங்கியது. முதல் பால்பல். சாங்பே நூல் கட்டி வெடுக்கென்று இழுத்தான். பிள்ளைகள் எல்லாரும் முற்றத்தில் நின்று, அங்கே வழக்கமாகச் செய்வதுபோல, பல்லைக் கூரைமேல் வீசி, "குருவி குருவி, பழசை எடுத்துக்கோ, புதுசைக் கொண்டா!" என்று கத்தினார்கள். பொக்கை வாயோடு சோங்கி சிரித்த சிரிப்பில் வீடே சிரித்தது.

சில நாள் கழித்து மழை. ஓடு ஒழுகியது. மழை விட்டதும் கும்னே ஏணி போட்டு ஏறினாள். இறங்கி வந்தவள் கையை மூடிக்கொண்டு நேராக மால்சுனிடம் வந்தாள்.

"சித்தி, சோங்கிக்கு விழுந்தது ஒரு பல்லுதான?"

"ஆமா. ஏன்?"

கும்னே உள்ளங்கையை விரித்தாள். இரண்டு பால்பற்கள். ஒன்று வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. மற்றது அதைவிடக் கொஞ்சம் பெரியது.

"ரெண்டும் ஒட்டிக்கிட்டு பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சு சித்தி. இது யாரோடது? நம்ம வீட்ல வேற யாருக்கும் பல்லு விழலையே."

மால்சுன் அந்தப் பெரிய பல்லை எடுத்துப் பார்த்தாள். விரல் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்று இருந்தது. ஓக்சிமுக்கு இந்த வசந்தத்தில் ஏழு வயசு ஆகியிருக்கும். பல் விழுகிற வயசு.

பல்லின் அடியில் ரத்தம் இன்னும் காயவில்லை.